21 நல்லதா, 22 நல்லதா? கேரம் விதிகளில் ஒரு சின்னக் கணக்கு

கேரம் ஆட்டத்தில் 21 பாயிண்டில் இருப்பவரைவிட 22 பாயிண்டில் இருப்பவர் முன்னால் இருக்கிறார். எண்ணத் தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சர்வதேச விதிப்படி ஆடினால், பல சமயம் 21-ல் இருப்பவர்தான் வெற்றிக்குப் பக்கத்தில் இருக்கிறார். கூடுதலாக ஒரு பாயிண்ட் எடுத்ததற்காக ஆட்டம் ஒருத்தரைப் பின்னால் தள்ளுகிறது. இந்தப் பதிவு முக்கியமாக அந்த ஓட்டையைப் பற்றியது. கூடவே, ‘இது அநியாயம்பா’ என்று போர்டைச் சுற்றி அடிக்கடி சத்தம் வரும் இன்னும் மூன்று இடங்களையும் பார்த்துவிடலாம். அந்த மூன்றில் இரண்டு, என் கணக்குப்படி, நியாயமானவைதான்.

பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று 3 தங்கம் அடித்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை. அவருக்குத் தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி, எல்ஐசி, பெட்ரோலிய நிறுவனங்கள் எல்லாம் கேரம் அணி வைத்திருக்கின்றன. துறைமுகத்தைச் சுற்றி இருக்கும் தெருக்களில் ஒரு பிள்ளைக்கு இந்தப் பலகை, மைதானம் கேட்காத, பெரிய செலவு வைக்காத ஒரு வாசல். மாவட்ட அணித் தேர்வில் ஒரு கேம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது ஒரு வீட்டின் மாதச் சம்பளம் வரைக்கும் போகக்கூடிய விஷயம். அப்படியிருக்க, அந்தக் கேமை எப்படி எண்ணுகிறோம் என்று கேட்பதில் தப்பில்லை.

முதலில் விதி

நம்மில் பலருக்கு வீட்டில் ஆடிய ‘பாயிண்ட்’ ஆட்டம்தான் தெரியும். கருப்பு 10, வெள்ளை 20, ரெட் 50. பலகையில் மொத்தம் 320. யார் எந்தக் காயை வேண்டுமானாலும் போடலாம், போட்டவருக்கு அந்தப் பாயிண்ட். தோற்றவர் கையிலும் கொஞ்சம் இருக்கும்.

போட்டி ஆட்டம் வேறு. சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் சென்னையில்தான் உருவானது. விதிகளும் அந்த ஆண்டே முறையாக வெளிவந்தன. அதன்படி 9 வெள்ளை, 9 கருப்பு, 1 ரெட். விதிப் புத்தகம் ரெட்டை ராணி என்கிறது. நாம் ரெட் என்றே வைத்துக்கொள்வோம். பிரேக் அடிப்பவருக்கு வெள்ளை, எதிராளிக்குக் கருப்பு. தன் 9 காயையும் முதலில் முடிப்பவர் அந்த போர்டை ஜெயிக்கிறார். எதிராளிக்குப் பலகையில் எத்தனை காய் மிச்சம் இருக்கிறதோ, அத்தனை பாயிண்ட் ஜெயித்தவருக்கு. ரெட்டையும் அவரே போட்டு ஃபாலோ பண்ணியிருந்தால் கூட 3 பாயிண்ட். ஆக ஒரு போர்டில் அதிகபட்சம் 12, குறைந்தபட்சம் 1. தோற்றவருக்கு எதுவுமே கிடையாது.

முதலில் 25 பாயிண்ட் எட்டுபவருக்கு கேம். யாரும் எட்டவில்லை என்றால் 8 போர்டு முடிவில் யார் முன்னிலையோ அவருக்கு. 8 போர்டுக்குப் பிறகும் சமமாக இருந்தால் இன்னொரு போர்டு. பிரேக் போர்டுக்குப் போர்டு மாறும்.

கடைசியாக, நமக்கு வேண்டிய விதி. ரெட்டுக்கு 3 பாயிண்ட் கிடைப்பது ஒருவர் 21 பாயிண்டில் இருக்கும் வரைதான். 22-ஐத் தொட்டுவிட்டால், அதன் பிறகு அவருக்கு ரெட் கணக்கில் சேராது. காயாகப் போட்டுத்தான் ஆகவேண்டும், பாயிண்ட் மட்டும் வராது.

நியாயம் என்றால் என்ன?

இந்த வார்த்தைக்குள் குறைந்தது மூன்று கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்று, விதி இரண்டு பேருக்கும் ஒன்றா? இரண்டு, நன்றாக ஆடியதை விதி நன்றாக ஆடியதாகவே எண்ணுகிறதா? மூன்று, கூடுதலாகச் சம்பாதித்தவர் அதனால் நஷ்டப்படாமல் இருக்கிறாரா? சண்டை போடும்போது இந்த மூன்றையும் கலந்துகட்டி அடிப்பதால்தான் பேச்சு முடிவதே இல்லை. தனித்தனியாக எடுத்தால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் புகார்: தோற்றவர் போட்ட ரெட் எங்கே போச்சு?

நீங்கள் ரெட்டைப் போட்டு அழகாக ஃபாலோ பண்ணிவிட்டீர்கள். 8 காய் முடிந்தது, ஒரே ஒரு காய் பாக்கி. எதிராளி தன் கடைசிக் காயைத் தள்ளிவிட்டார். அவருக்கு 1 பாயிண்ட். உங்களுக்குப் பூஜ்யம். பலகையிலேயே கஷ்டமான காயைப் போட்டவருக்குக் கணக்கில் ஒன்றுமே இல்லையே, இது நியாயமா?

கேட்கும்போது அநியாயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ரெட்டை நீங்கள் போடாமல் எதிராளி போட்டிருந்தால் அவருக்கு 4 கிடைத்திருக்கும். உங்கள் ரெட் அவரிடமிருந்து 3 பாயிண்டைப் பிடுங்கியிருக்கிறது. ஸ்கோர் ஷீட்டில் உங்கள் பெயருக்கு நேராக எழுதவில்லை, அவ்வளவுதான். வித்தியாசத்தில் அது இருக்கிறது. ஆக ரெட்டின் மதிப்பு காணாமல் போகவில்லை.

பழைய வாலிபாலை நினைவிருக்கிறதா? சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் வாங்கும் அணி ராலியை ஜெயித்தால் பாயிண்ட் கிடையாது, சர்வீஸ் மட்டும் கைமாறும். ஒவ்வொரு ராலிக்கும் பாயிண்ட் என்று 1999 வாக்கில் மாற்றினார்கள். பழைய முறை அநியாயம் என்பதற்காக இல்லை, ஆட்டம் எப்போது முடியும் என்றே சொல்ல முடியவில்லை என்பதுதான் பெரிய காரணம். ஜெயித்தவருக்கு மட்டும் பாயிண்ட் என்ற கேரம் முறையும் அந்த வகைதான். இரண்டு பேருக்கும் ஒரே விதி, ஆடிய ஆட்டம் வித்தியாசத்தில் தெரிகிறது. புகார் தள்ளுபடி.

இரண்டாவது புகார்: 5 போர்டு ஜெயிச்சும் தோத்துட்டேன்

இது நிஜமாகவே நடக்கும். ஒருவர் 5 போர்டில் 1, 1, 4, 1, 2 எடுக்கிறார். மொத்தம் 9. எதிராளி மிச்சம் 3 போர்டில் 5, 4, 6 எடுக்கிறார். மொத்தம் 15. எட்டு போர்டு முடிந்தது, 5 போர்டு ஜெயித்தவர் கேமைத் தோற்றார்.

தேர்தல் முடிவு பார்க்கும் நமக்கு இது புதுசில்லை. ஓட்டு ஒரு கணக்கு சொல்லும், தொகுதி இன்னொரு கணக்கு சொல்லும். விளையாட்டிலும் அப்படித்தான். 2019 ஜூலை 14-ஆம் தேதி லண்டனில் ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டங்கள் நடந்தன. விம்பிள்டனில் ஃபெடரர் 218 பாயிண்ட் எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. காரணம், டென்னிஸ் பாயிண்டை நேராகக் கூட்டுவதில்லை, கேம், செட் என்று மூட்டை கட்டி எண்ணுகிறது. லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆளுக்கு 241. சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி, 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டென்னிஸ் விதியைப் பற்றி யாரும் பெரிதாகக் கத்தவில்லை. கிரிக்கெட் விதியை உலகமே திட்டியது, அதே அக்டோபரில் ஐசிசி அதைத் தூக்கிவிட்டு, ஒருவர் ஜெயிக்கும் வரை சூப்பர் ஓவர் என்று மாற்றியது. இரண்டு விதியும் முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்ததுதான், இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அப்புறம் என்ன வித்தியாசம்? டென்னிஸ்காரர் முதல் சர்வீஸிலிருந்தே செட்டைக் குறிவைத்து ஆடுகிறார். கிரிக்கெட்டில் யாரும் பவுண்டரி எண்ணிக்கையைக் குறிவைத்து 50 ஓவர் ஆடுவதில்லை. எதற்காக ஆடினார்களோ அதை எண்ணாமல் வேறொன்றை எண்ணினால்தான் வயிறு எரிகிறது.

கேரம் ஆடுபவர் முதல் போர்டிலிருந்தே வித்தியாசத்துக்காகத்தான் ஆடுகிறார். தோற்கப் போகிற போர்டு என்று தெரிந்ததும் தன் காய்களை ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டு, எதிராளியின் காயை மறித்து வைத்து, 7-ல் போக வேண்டியதை 3-ல் நிறுத்துவது பெரிய கலை. போர்டு எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் அந்தக் கலைக்கு மதிப்பே இருக்காது. இந்தப் புகாரும் தள்ளுபடி.

மூன்றாவது: 22-ல் இருக்கும் பாம்பு

இப்போது விஷயத்துக்கு வருவோம். போர்டை நீங்கள் ஜெயிக்கிறீர்கள், ரெட்டும் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கேமை முடிக்க, எதிராளியின் காய் குறைந்தது எத்தனை மிச்சம் இருக்க வேண்டும்?

19-ல் இருந்தால், ரெட் 3 சேர்த்து 22. இன்னும் 3 காய் வேண்டும்.
20-ல் இருந்தால் 2 காய்.
21-ல் இருந்தால் 1 காய் போதும்.
22-ல் இருந்தால், ரெட் கணக்கில்லை. 3 காய் வேண்டும்.
23-ல் இருந்தால் 2 காய்.
24-ல் இருந்தால் 1 காய்.

3, 2, 1, மறுபடியும் 3, 2, 1. பரமபதம் ஆடியவர்களுக்கு உடனே புரியும். 22-ஆம் கட்டத்தில் ஒரு பாம்பு படுத்திருக்கிறது. ரெட் கையில் இருக்கும்போது 22-ல் நிற்பதும் 19-ல் நிற்பதும் ஒன்று. 21-ல் நிற்பவரோ 24-ல் நிற்பவருக்குச் சமம். ஏனென்றால் ஜெயித்த போர்டில் எதிராளிக்குக் குறைந்தது ஒரு காயாவது மிச்சம் இருந்தே தீரும்.

ஒரு தரப்பாகவே சொல்லக் கூடாது, ரெட் எதிராளியிடம் போன போர்டையும் பார்ப்போம். அப்போது 21-ல் இருப்பவருக்கு 4 காய் மிச்சம் வேண்டும், 22-ல் இருப்பவருக்கு 3 காய். இங்கே 22 நல்லது. இரண்டையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும். 21-ல் இருந்தால் கேம் முடியும், 22-ல் இருந்தால் முடியாது என்ற நிலைகள் இரண்டு: ரெட்டோடு 1 காய், ரெட்டோடு 2 காய். தலைகீழாக, 22-ல் முடியும், 21-ல் முடியாது என்ற நிலை ஒன்றே ஒன்று: ரெட் இல்லாமல் சரியாக 3 காய். மற்றபடி கேம் முடியாத போர்டுகளில் 22-ல் இருப்பவர் அந்த ஒரு பாயிண்ட் முன்னிலையைத் தக்கவைத்துக்கொள்கிறார். எட்டாவது போர்டில் முன்னிலை மட்டுமே பேசும் என்பதால் அங்கே 22 சந்தேகமில்லாமல் நல்லது. ஆனால் இன்னும் நாலைந்து போர்டு கையில் இருக்கும்போது, ரெட்டை விடாமல் பிடிக்கும் ஆட்டக்காரருக்கு 21 தான் நல்ல இடம்.

இது கணினி நிரல் எழுதுகிறவர்கள் முதலில் சோதிக்கும் விஷயம். உள்ளே போகும் எண் கூடினால் வெளியே வரும் பலன் குறையக் கூடாது. சம்பளம் ஒரு ரூபாய் கூடியதால் கையில் வாங்குவது குறைந்தது என்றால் அந்தக் கணக்கில் எங்கேயோ கோளாறு என்று யாருக்கும் தெரியும்.

சரி, ஆட்டத்தில் இது எப்படி வெளிப்படும்? நீங்கள் 18-ல் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரே காய், பாக்கெட் வாயில் தொங்குகிறது. ரெட் எதிராளி போட்டுவிட்டார், அவருக்கு 4 காய் மிச்சம். சுத்தமாக முடித்தால் 22. அதே அடியில் எதிராளியின் காய் ஒன்றையும் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால் 3 தான் மிச்சம், 21. சுற்றி நிற்பவர்கள் ‘ஐயோ, ஒரு பாயிண்ட் போச்சே’ என்பார்கள். போர்டில் உட்கார்ந்திருப்பவர் மனசுக்குள் சிரித்துக்கொள்ளலாம். தப்பாக விழுந்த காய்க்கு விதி பரிசு கொடுக்கிறது. தப்பை வேண்டுமென்றே செய்யவும் அது கூப்பிடுகிறது.

வேண்டுமென்றே மோசமாக ஆடுவதை ஊக்குவிக்கும் விதி என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 1994-ல் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோஸும் கிரெனடாவும் மோதின. பார்படோஸ் 2 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். கூடுதல் நேரத்தில் விழும் கோல் 2 கோலாக எண்ணப்படும் என்று போட்டியில் ஒரு விதி. 2-1 என்று முன்னிலையில் இருந்த பார்படோஸ், கடைசி நிமிடங்களில் தன் வலைக்குள் தானே கோல் அடித்து 2-2 ஆக்கியது. கூடுதல் நேரத்துக்குப் போய் ஒரு கோல் அடித்து, 4-2 என்று முன்னேறியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மின்டன் பெண்கள் இரட்டையரில் 4 ஜோடிகள் குழுச் சுற்று ஆட்டங்களை வேண்டுமென்றே தோற்கப் பார்த்தார்கள் என்று 8 பேரையும் வெளியே அனுப்பினார்கள். அடுத்த சுற்றில் சுலபமான எதிராளி வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆடியவர்களைத் திட்டலாம். ஆனால் தோற்றால் லாபம் என்ற கதவைத் திறந்து வைத்தது விதி.

கேரமில் இருக்கும் கதவு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் திறந்துதான் இருக்கிறது.

அந்த விதிக்கு ஒரு நோக்கம் உண்டே!

உண்டு. மூத்த ஆட்டக்காரர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு ரெட்டை வைத்து யாரும் கேமைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது, காய் ஆடித்தான் ஜெயிக்க வேண்டும். இரண்டாவது, பின்னால் இருப்பவருக்கு மூச்சு விட ஒரு வாய்ப்பு. 22-ல் இருப்பவருக்கு ரெட் பூஜ்யம், 15-ல் இருக்கும் எதிராளிக்கு அதே ரெட் 3.

இரண்டாவது காரணத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரே காய்க்கு இரண்டு விலை என்றாலும், நாளைக்கு நீங்கள் 22-ல் இருந்தால் உங்களுக்கும் அதே கதிதான். இரண்டு பேருக்கும் ஒன்று என்ற முதல் கேள்வியில் விதி பாஸ்.

முதல் காரணம்தான் நிற்கவில்லை. ரெட்டை வைத்து கேமைத் தட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது நோக்கம் என்றால், 21-ல் இருப்பவர் அதைத்தானே செய்கிறார்? ரெட்டும் ஒரு காயும், கேம் முடிந்தது. 21-ல் அனுமதித்துவிட்டு 22-ல் தடுப்பது, தெருவின் ஒரு வாசலில் மட்டும் கேட் போட்ட மாதிரி.

திருத்த இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, ரெட் யாரையும் 22 வரைதான் தூக்கிவிடலாம், அதற்கு மேல் காய் மட்டும் என்று வைப்பது. முதலில் மிச்சக் காயைக் கூட்டு, 22-க்குக் கீழே நின்றால் ரெட்டைச் சேர், 22-ல் நிறுத்து. அப்போது 19-லிருந்து 24 வரை தேவைப்படும் காய் 6, 5, 4, 3, 2, 1 என்று ஒழுங்காக இறங்கும். பாம்பு போய்விடும், நோக்கமும் முழுசாக நிறைவேறும். குறை என்னவென்றால், 13-ல் இருந்து ஸ்லாம் அடித்தவர் இன்று 25 எட்டி கேமை முடிப்பார். இந்த முறையில் 22-லேயே நின்றுவிடுவார். ஆட்டத்தின் மிக உயர்ந்த சாதனையைக் குறைப்பது மனசுக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது வழி இன்னும் எளிது. ரெட்டுக்கு எப்போதும் 3, எந்த ஸ்கோரிலும் 3. தேவைப்படும் காய் 3, 2, 1, 1, 1, 1. கூடுதல் பாயிண்ட் எங்கேயும் நஷ்டமாகாது. அம்பயருக்கு ஒரு வேலை குறையும், புதுசாக வரும் பிள்ளைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். முன்னால் இருப்பவருக்குச் சுலபமாகிவிடுமே என்றால், ரெட் பலகையின் நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. அவரைத் தடுக்க வேண்டும் என்றால் நீங்கள் போய் எடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

நாலாவது: பிரேக்

22-க்குச் சண்டை போடுபவர்கள்கூட பிரேக்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. டாஸ் ஜெயித்தவர் பிரேக்கையோ உட்காரும் பக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம். பிரேக் அடிப்பவருக்கு முதல் அடி, எனவே முதல் வாய்ப்பு. மாறி மாறி வருவதால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். 8 போர்டு முழுசாக ஆடினால் ஆளுக்கு 4, சரிதான். ஆனால் கேம் பாதியில் 25-ல் முடிந்தால்?

ஒரு கேம் முடியக் குறைந்தது 3 போர்டு வேண்டும். இரண்டு போர்டில் 12, 12 என்று எடுத்தாலும் 24 தான். கேம் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் முடிந்தால், முதலில் பிரேக் அடித்தவருக்கே எப்போதும் ஒரு பிரேக் அதிகம். எதிராளிக்கு அதிகம் என்ற நிலை வரவே வராது.

இதன் அளவைப் பார்க்க ஒரு எளிய மாதிரி. பாயிண்டை மறந்து போர்டை மட்டும் எண்ணுவோம். இரண்டு பேரும் சமமான ஆட்டக்காரர்கள், பிரேக் அடிப்பவர் 100-க்கு 60 போர்டு ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 போர்டில் 2 ஜெயித்தால் போதும் என்றால், முதலில் பிரேக் அடித்தவர் ஜெயிக்கும் வாய்ப்பு 55.2 சதவீதம். 7-ல் 4 என்றால் 53.2 சதவீதம். காரணம் எளிது. கடைசி போர்டுக்கு முன் இரண்டு பேரும் சமமாக நின்றால்தான் அந்தக் கூடுதல் பிரேக் பேசும். ஆட்டம் நீள நீள அப்படிச் சரிசமமாக நிற்கும் வாய்ப்பு குறைகிறது. ஆட்டம் குட்டையானால் டாஸின் கை ஓங்குகிறது. ஒரே ராத்திரியில் 32 பேரை முடிக்க வேண்டும் என்று ஒரே கேமாகச் சுருக்கும் உள்ளூர்ப் போட்டிகளில்தான் இது அதிகம் கடிக்கும். புதுசாக வரும் பிள்ளைகள் முதலில் ஆடுவதும் அந்தப் போட்டிகளில்தான்.

மற்ற ஆட்டங்கள் இதை யோசித்திருக்கின்றன. டென்னிஸ் டை பிரேக்கில் முதலில் ஒருவருக்கு ஒரு சர்வீஸ், அப்புறம் ஆளுக்கு இரண்டு இரண்டாக. கால்பந்து பெனால்டி ஷூட் அவுட்டிலும் 2017-ல் அதே வரிசையைச் சோதித்துப் பார்த்தார்கள். பார்ப்பவர்களுக்குக் குழப்பம் என்று அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். கேரமில் அந்தக் குழப்பம் வராது, ஸ்கோர் ஷீட்டில் முன்கூட்டியே அச்சடித்துவிடலாம். அ, ஆ, ஆ, அ, அ, ஆ, ஆ, அ. எட்டு போர்டில் ஆளுக்கு 4. கேம் 3-ல் முடிந்தால் ஆ-வுக்கு ஒரு பிரேக் அதிகம், 5-ல் முடிந்தால் அ-வுக்கு, 7-ல் முடிந்தால் ஆ-வுக்கு. டாஸின் லாபம் முழுசாக மறையாது, ஆனால் எப்போதும் ஒருவர் மடியிலேயே விழாது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆக, என் தீர்ப்பு

தோற்றவரின் ரெட் கணக்கில் வராதது நியாயம். போர்டை விட்டுப் பாயிண்டை எண்ணுவது நியாயம். பிரேக் வரிசை சின்ன அநியாயம், சுலபமாகச் சரிசெய்யலாம். 22 விதி இரண்டு பேருக்கும் சமமாக இருந்தும் தப்பு. சமமாக இருப்பது மட்டும் ஒரு விதிக்குப் போதாது, நன்றாக ஆடியவரை அது தண்டிக்கவும் கூடாது.

‘விதி எல்லாருக்கும் ஒன்றுதானே, பிடித்தால் ஆடு’ என்பார்கள் சிலர். இந்த விதிப் புத்தகம் எங்கிருந்தோ வானத்திலிருந்து வந்ததில்லை, நம் ஊரில் உட்கார்ந்து மனிதர்கள் எழுதியது. அதை நம் ஊரிலேயே திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

கேட்பதற்கு முன் கையில் கணக்கு வேண்டும். நீங்கள் இந்தக் கோடையில் தெருவிலோ மன்றத்திலோ போட்டி நடத்துகிறவர் என்றால் ஒரு வேண்டுகோள். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு போர்டுக்கும் மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: பிரேக் யார், ரெட் யார், மிச்சக் காய் எத்தனை. எழுத 5 விநாடி ஆகும். 200, 300 போர்டு சேர்ந்தால், நான் வைத்துக்கொண்ட 60-க்குப் பதிலாக நிஜமான எண் கிடைக்கும். 21, 22-ல் நின்றவர்கள் எத்தனை போர்டில் முடித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். பெயர் எதுவும் வேண்டாம், எண் மட்டும் போதும். அனுப்புங்கள், கூட்டிப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.